வேனின் பின்னால் சைக்கிள் ரேக்: கயிறா, பெல்ட்டா, இரும்புக் கையா?

தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டிருக்கிறார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறியாகிவிட்டது. அதே மாதிரி வண்டி என்னிடம் மூன்று வருடமாக இருப்பதால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எனக்குத்தான் போன் வரும். போன வாரம் வந்தது இது: "மச்சான், பின்னாடி சைக்கிள் ரேக் அடிச்சு மாட்டியாச்சு. ஓட்டுறப்ப ஆடாம இருக்க எதை வச்சுக் கட்டுறது? நைலான் கயிறு போதாதா?"

எதை எதோடு கட்டுகிறோம் என்று தெரியாமல் இதற்குப் போதும், போதாது என்று சொல்ல முடியாது. போனில் விளக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சைக்கிள் இல்லாமல் டெல்டாவில் வேனை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கல்லணைக் கால்வாய்க் கரை, குடமுருட்டிக் கரை, வெண்ணாற்றங்கரைப் பாதை எதிலும் வேன் நிம்மதியாகப் போகாது. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அரை கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும். வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் இறங்குவதுதான் வழி. சைக்கிளை உள்ளே வைத்தால் படுக்கை போச்சு. மேலே கேரியரில் ஏற்றினால் டிராவலரின் உயரத்தோடு நிற்கும் சைக்கிளின் உயரமும் சேர்ந்து மூன்றரை மீட்டரைத் தாண்டும். நம் பக்கம் புளியமரக் கிளையும் தாழத் தொங்கும் கேபிள் வயரும் எங்கும் உண்டு. ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் அலங்கார வளைவு வேறு. ஆக, பின்பக்கம்தான்.

பின்பக்கம் என்றதும் வரும் சிக்கலை ஒரு கணக்காகச் சொல்கிறேன். என் வண்டி டிராவலர் 3350. அந்த எண் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். பின் அச்சிலிருந்து ரேக்கின் நடுவரைக்கும் டேப் வைத்து அளந்தேன், சுமார் 1.8 மீட்டர். பின்சக்கரம் வேகத்தடையில் 10 சென்டிமீட்டர் ஏறினால், ஸ்பிரிங் அமுங்குவதை விட்டுவிட்டுப் பார்த்தால், ரேக் 15 சென்டிமீட்டர் மேலே போய்விட்டு இறங்கும். ஓட்டுபவருக்கு லேசான குலுக்கல். பின்னால் அது அடி. எடைக் கணக்கும் இதே மாதிரிதான். ரேக் 15 கிலோ, கியர் சைக்கிள் 15, அப்பாவின் பழைய சைக்கிள் 20, ஆக 50 கிலோ. இது பின் அச்சில் 50 கிலோவாக இறங்காது, 77 கிலோவாக இறங்கும். கூடுதலான அந்த 27 கிலோவை முன் அச்சிலிருந்து தூக்கிவிடுகிறது, தராசு மாதிரி. என் தண்ணீர்த் தொட்டி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருப்பதற்கு இதுதான் காரணம்.

வேகத்தடை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு முழ அகலத்தில் தாரைக் குவித்து வைத்திருப்பதற்கும் அந்த அளவுக்கும் சம்பந்தம் கிடையாது.

வண்டி வாங்கிய புதிதில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். ரேக்கின் மேல்முனையைக் கொக்கி வைத்த லக்கேஜ் ரப்பரால் மேல் கேரியரோடு இழுத்து மாட்டியிருந்தேன். கையால் இழுத்துப் பார்த்தால் நல்ல விறைப்பு. மொபெட்டில் ஒரு பெரியவர் எங்களைத் தாண்டும்போது, "தம்பி, சைக்கிள் தலையாட்டிக்கிட்டே வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். இறங்கிப் பார்த்தால் எதுவும் கழன்றிருக்கவில்லை. ஆனால் கதவில் பெடல் இடித்து இடித்து உள்ளங்கை அகலத்துக்குக் குழி, அதைச் சுற்றிக் கோடுகள். கீழே ரேக்கின் காலைப் பிடித்திருந்த போல்ட் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது.

அன்றைக்குத் தெரிந்தது இதுதான்: ரேக் கழன்று விழுவது கடைசியில் நடப்பது. அதற்கு முன்னால் பல நூறு கிலோமீட்டர் அது ஆடியிருக்கும். அரை விரல் இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு குலுக்கலிலும் ரேக் ஒரு சுத்தியலாக மாறி நட்டைத் தளர்த்தும், தகரத்தைக் கிழிக்கும். ஆகவே எதை வைத்துக் கட்டினாலும் நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான். ரேக்கின் மேல்முனையை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக ஆட்ட வேண்டும். வண்டியே ஸ்பிரிங்கில் ஆடினால் கட்டு சரி. வண்டி நின்றபடியே நிற்க, ரேக் மட்டும் ஆடினால் சரியில்லை.

இன்னொன்று. ரேக்கை வண்டியோடு கட்டுவது ஒரு வேலை, சைக்கிளை ரேக்கோடு கட்டுவது வேறு வேலை. ஒரே நீளக் கயிற்றில் கேரியர், ரேக், சைக்கிள் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டிவிடுவதுதான் வழக்கமான தப்பு. சைக்கிள் சீட் கொஞ்சம் அமுங்கினாலும், டயரில் காற்று இறங்கினாலும் மொத்தக் கட்டும் தளர்ந்துபோகும். மாப்பிள்ளை கேட்டது முதல் வேலையைப் பற்றி. அதையே முதலில் பார்ப்போம்.

அவருடைய ரேக்கும் என்னுடையதும் பட்டறையில் அடித்த ஒரே மாதிரி அமைப்பு. கீழே இரண்டு கால்கள் வண்டியின் அடிச்சட்டமான சேசியோடு போல்ட் போட்டு நிற்கும், கதவைத் திறக்க ரேக்கைச் சாய்த்துக்கொள்ளக் கீல் உண்டு, மேல்முனை கதவை ஒட்டிச் சும்மா நிற்கும். ஆடுவது அந்த மேல்முனைதான். ஐரோப்பாவில் கேம்பர் வேனுக்கென்றே வரும் ஃபியாமா, தூலே ரேக்குகள் கதவை மேலும் கீழும் கவ்விப் பிடிப்பவை. இந்தச் சிக்கல் அவற்றில் குறைவு. ஆனால் அவை அந்தந்த ஊர் வேன்களின் கதவுக்கு அளவெடுத்துச் செய்தவை. நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

டிராவலரின் பின்புற ஏணியோடு ரேக்கைச் சேர்த்துக் கட்டுவதும் வேண்டாம். ஏணி, ஆள் ஏறும்போது எடை நேர்கீழாக இறங்குவதற்கு வைத்தது. பின்னோக்கி இழுத்து இழுத்து விடும் எடைக்கு அதன் ஸ்குரூக்கள் தாங்காது. ரப்பரைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. இழுத்தால் நீள்வதுதான் ரப்பரின் குணம், ஆட்டத்தை நிறுத்தும் இடத்தில் அதற்கு வேலையில்லை. அது தெறித்துக் கொக்கி முகத்தில் பட்டால் கண் போகும், அந்தப் பயமும் சேர்த்து.

கயிறு அப்படித் தள்ளிவிடக் கூடியது கிடையாது. அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிப் போகும் வண்டிகளைப் பாருங்கள், வண்டியைவிட இரண்டு மடங்கு அகலச் சுமையைக் கயிறுதான் பிடித்திருக்கிறது. லோடு கட்டுபவர்கள் கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, மறுமுனையைக் கீழே கொக்கியில் கொடுத்து மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணி வழியாக விட்டுக் கீழே இழுப்பார்கள். கப்பி மாதிரி வேலை செய்து, இழுக்கும் பலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு விறைப்புக் கொடுக்கும் கட்டு அது. அதைக் கற்றுக்கொண்டவருக்குப் பல்சக்கரத்தால் இறுக்கும் ராட்செட் பெல்ட் இல்லாவிட்டாலும் வீடு வந்து சேர முடியும்.

கயிற்றில் வரும் தொல்லை, கடையில் என்ன கொடுக்கிறார்கள் என்பதில் தொடங்குகிறது. நைலான் என்று கேட்டால் பச்சையிலும் நீலத்திலும் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் கயிறு. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், நிஜ நைலான் முங்கும். பிளாஸ்டிக் கயிறு வழுவழுவென்று இருப்பதால் முடிச்சு நழுவும். நம் வெயிலில் ஒரு கோடை கிடந்தாலே நார் நாராகப் பொடிந்துவிடும். நைலான் பலமானது, ஆனால் அதன் பலத்தில் பாதி அதன் நெகிழ்ச்சியில் இருக்கிறது. நனைந்தால் இன்னும் நீளும். ஐப்பசி மழையில் கட்டிக்கொண்டு கிளம்பினால் சீர்காழி தாண்டுவதற்குள் தளர்ந்திருக்கும். தேங்காய் நார்க் கயிறு இதற்கு நேர்மாறு, நனைந்தால் இறுகும், காய்ந்தால் விட்டுவிடும். கயிற்றில்தான் கட்டுவேன் என்றால் பாலியெஸ்டர் கயிறு கேட்டு வாங்குங்கள், நீட்சி குறைவு. எப்படியானாலும் கயிற்றை நான் மாற்றுக் கட்டாகத்தான் வைத்திருக்கிறேன். பத்து மீட்டர், சீட்டுக்கு அடியில்.

அடுத்தது ராட்செட் பெல்ட். லாரிக்காரர்கள் மிஷின் ஏற்றும்போது கட்டும் அதே பொருள், நமக்கு 25 மில்லிமீட்டர் அகலம் தாராளம். பாலியெஸ்டர் நாடா என்பதால் நீளாது, பல்சக்கரம் இருப்பதால் கையால் இழுக்க முடியாத விறைப்பு வரும், நழுவாது. ஆட்டத்தை நிறுத்துவதில் கயிற்றைவிட இது பல படி மேல். ஆனால் இதிலும் கட்டும் கோணம் சரியாக இருக்க வேண்டும். ரேக்கின் மேல்முனையிலிருந்து கேரியருக்கு இரண்டு பெல்ட்டை நேராகக் கொடுத்தால் முன்பின் ஆட்டம் மட்டும் நிற்கும், பக்கவாட்டில் ஊஞ்சலாடும். இடது முனையிலிருந்து கேரியரின் வலது மூலைக்கும், வலது முனையிலிருந்து இடது மூலைக்கும் பெருக்கல் குறி மாதிரி கொடுத்தால் இரண்டு ஆட்டமும் அடங்கும். கூடவே நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி விட வேண்டும். தட்டையாக விட்டால் காற்றில் அதிர்ந்து, தவில் வித்வான் பின்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி திருவாரூர் வரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வரும். தகர விளிம்பில் நாடா உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் செருக வேண்டும், இல்லையென்றால் விளிம்பு அதைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். மிச்ச வாலைச் சுருட்டிக் கட்டாவிட்டால் அது பின்சக்கரத்திலோ சைலன்சரிலோ மாட்டும். சூடான சைலன்சரில் பட்ட பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இதன் குறை, அதன் பலமேதான். ஆர்வத்தில் இரண்டு பல் கூடுதலாக இழுத்தால் கேரியர் கால் வளையும், கூரை விளிம்பு நெளியும். அதோடு, கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பெல்ட்டையும் கழற்றி மாட்ட வேண்டும். அடுப்பு பின்கதவு ஓரத்தில் இருக்கும் வண்டியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவைத் திறப்போம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் நாள் சோம்பல் வரும், பெல்ட் தொளதொளவென்று தொங்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

அதனால்தான் இப்போது என் வண்டியில் இருப்பது இரும்புக் கை. ரேக்கின் மேல்சட்டத்தின் இரு முனையிலிருந்தும் கூரை விளிம்புக்குப் போகும் இரண்டு சிறிய குழாய்கள். ஒரு முனையில் கீல், மறுமுனையில் கைத்திருகு போட்ட போல்ட். திருகைக் கழற்றினால் ரேக் சாயும், கதவு திறக்கும், ஒரு நிமிட வேலை. கூடாரம் போடும் சாமானில் வரும் டர்ன் பக்கிளையும் இந்த இடத்தில் போடலாம், முறுக்கி இறுக்கலாம் என்ற வசதி உண்டு. ஆனால் குலுக்கலில் அது தானே திரும்பித் தளரும், திரும்பாமல் பூட்டிவைக்கும் இரண்டாவது நட்டு (செக் நட்டு) இல்லாமல் அதை நம்ப முடியாது.

இரும்புக் கையில் கவனிக்க இரண்டு விஷயம். கரடுமுரடான பாதையில் வண்டியின் அடிப்பாகமும் கூரையும் ஒன்றாக அசைவதில்லை, லேசாகப் பிசகும். இரும்பால் இரும்பை அசையவே விடாமல் பிணைத்தால் தகரம் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். ஆகவே கை கூரையைத் தொடும் இடத்தில் ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் வைத்து இறுக்க வேண்டும். இங்கே ரப்பர் அழுந்தத்தான் செய்யும், நீளாது; கொக்கி ரப்பரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு வாஷர் மட்டும் வைக்கக் கூடாது. உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு இரும்புத் தகடு வைத்தால்தான் இழுவை பரவும். ஓட்டையைச் சுற்றி சீலன்ட் பூசாவிட்டால் கார்த்திகை மழை நேராகப் படுக்கையில் இறங்கும். கரூரில் பஸ் பாடி கட்டிப் பழகியவர்களிடம் கேட்டால் இதையெல்லாம் சொல்லாமலே செய்வார்கள். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் பக்கத்தில் நின்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

நட்டு எல்லாமே உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு. இறுக்கியதும் நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு. கோடு பிசகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று ஸ்பேனர் எடுக்காமலே தெரியும். சிவப்பு நிறம் மனைவியின் உபயம்.

சரி, இரண்டாவது வேலை, சைக்கிளை ரேக்கோடு கட்டுவது. இங்கே ராட்செட் வேண்டாம். சைக்கிளின் குழாய் மெல்லிசு, அதிலும் அலுமினியம் என்றால் ராட்செட் நெரித்துவிடும். அழுத்தினால் நாடாவை விட்டு, கையை எடுத்தால் பல்லால் கவ்விப் பிடிக்கிற கேம் பக்கிள் பெல்ட்தான் சரி, கையால் இழுக்கும் பலத்துக்கு மேல் அது இறுகாது. கனமான சைக்கிள் கதவை ஒட்டி, லேசானது வெளியே. ஃபிரேமை ஒரு இடத்தில் கட்டாயம் பிடிக்க வேண்டும். சக்கரத்தை மட்டும் கட்டினால் குலுக்கலில் சைக்கிள் எழும்பும். முன்சக்கரத்தை ஒரு சின்னப் பட்டையால் ஃபிரேமோடு கட்டினால் ஹேண்டில்பார் திரும்பாது. அரசு பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெண்பிள்ளைகள் சைக்கிளுக்கு மேல்குழாய் கிடையாது. ரேக்கின் கவ்வி அதைப் பிடிக்காது, சீட் கம்பிக்கும் ஹேண்டில் கம்பிக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கம்பி மாட்டிக்கொள்ள வேண்டும். பெடலில் பழைய துணியைச் சுற்றி, டியூப் ரப்பரால் கட்டிவிடுங்கள். இழுத்துக் கட்டும் ரப்பருக்கு இந்த வண்டியில் இருக்கும் ஒரே உத்தியோகம் அது. பேட்டரி சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் இரண்டு மூன்று கிலோ குறையும். மழைக்கு மூடும் தார்ப்பாயை ஓடும்போது போடாதீர்கள், பாய்மரமாகிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு இரும்புக் கம்பிப் பூட்டை இரண்டு ஃபிரேமிலும் விட்டு, சேசியில் இருக்கும் இழுவைக் கொக்கியில் மாட்டிப் பூட்டுகிறேன். திருட்டுக்கும் ஆயிற்று. எல்லாக் கட்டும் விட்டுப்போனால் சைக்கிள் பின்னால் வருபவர் மேல் விழாமல் தொங்கவாவது செய்யும்.

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம், கோடியக்கரை போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்பளக் காற்று ராட்செட்டின் பல்சக்கரத்தை ஒரு சீசனில் துருவாக்கிவிடும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லைக் காயப்போட்டுத் தூற்றும் தூசியும் உள்ளே புகுந்தால் கேட்கவே வேண்டாம், கைப்பிடி சிக்கிக்கொண்டு திறக்க மறுக்கும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, அச்சில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். நாடாவிலோ கேம் பக்கிளின் பல்லிலோ எண்ணெய் பட்டால் நழுவும். ரேக்கின் போல்ட்டுகள் சாதா இரும்பாக இல்லாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் வேதாரண்யம் போய்வந்த பிறகும் ஸ்பேனர் பிடிக்கும்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். பின் நம்பர் பிளேட்டும் விளக்குகளும் சைக்கிளுக்குப் பின்னால் மறையக் கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். கடையில் இன்னொன்று அடித்து ரேக்கில் மாட்டிக்கொள்ள முடியாது. எனவே ரேக்கைக் கொஞ்சம் உயர்த்தி அடிப்பதுதான் வழி. சுமை அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். சைக்கிளின் நீளம் 1.8 மீட்டரை ஒட்டி வரும், என் வண்டியில் இரண்டு பக்கமும் நாலு விரல்தான் மிச்சம். அப்பாவின் சைக்கிள் இன்னும் நீளம், அதனால் அதன் முன்சக்கரத்தைக் கழற்றித்தான் ஏற்றுகிறேன்.

மாப்பிள்ளைக்குச் சொல்வது இதுதான். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சைக்கிள் ஏற்றுவேன் என்றால் இரண்டு ராட்செட் பெல்ட்டைக் குறுக்காகப் போடுங்கள், ஓட்டை போடும் வேலை வேண்டாம். மாதாமாதம் கிளம்பும் ஆசை இருந்தால் இரும்புக் கையை அடித்துவிடுங்கள். இரண்டிலும் சைக்கிளுக்குக் கேம் பக்கிள்தான். கிளம்பி முதல் ஐம்பது கிலோமீட்டரில் எங்காவது டீ குடிக்க நிறுத்துங்கள், புதுக் கட்டு தளர்வது அந்தத் தூரத்துக்குள்தான்.

இதைப் படித்துக் காட்டியபோது அவர் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த லாரிக்காரர் கட்டு போடக் கத்துக் கொடுப்பீங்களா மச்சான்?" ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பத்து மீட்டர் கயிறு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு.